மாமன்றத்திற்கு நிற்பது எப்படி?

சட்டமன்றத்திற்கோ மக்களவைக்கோ ஒருவர் போட்டியிட வேண்டுமானால் அவருக்கு 25 வயது நிறைந்திருக்க வேண்டும். மாநிலங்களவைக்கு 30. ஆகவே பட்ட வகுப்பில் படிக்கும் நமக்கு அம்மன்றங்கள் இப்போதைக்கு எட்டாக் கனிகளே. ஆனால் 21 வயது நிறைந்த எவரும் நிற்கக்கூடிய மன்றம் ஒன்று நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. அதுவே நகராட்சி, பேரூராட்சி, மாநகராட்சி என்னும் உள்ளாட்சி மன்றம். மூன்றாம் ஆண்டு மாணவர் சிலரும் முதுகலை மாணவர் பலரும் அந்த வயதை எட்டியவர்கள்தாம். எனினும் நம் வகுப்பில் முதலமைச்சர்களின் பெயர்களை வரிசையாக ஒப்பிக்கும் நண்பர்களிடம், "உன் வீடு எந்த வார்டில் இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் விழிப்பர். அரசியல் அறிவியல் பயிலும் மாணவன் என்ற முறையிலும், தாம்பரம் பகுதியில் குடியிருப்பவன் என்ற முறையிலும், இம்மன்றத்தில் ஓர் இடத்திற்கு நிற்பது எப்படி என்பதை 2022ஆம் ஆண்டுத் தேர்தலை வைத்து விளக்க முற்படுகிறேன்.

முதலில் ஊரைப் பற்றிச் சில செய்திகள். தாம்பரம் 1964இல்தான் நகராட்சியாயிற்று. தாம்பரம், கடப்பேரி, புலிக்கொரடு, இரும்புலியூர், சேலையூர் என்னும் ஊர்கள் சேர்ந்தே அந்நகராட்சி உருவாயிற்று. 2021 நவம்பரில் அது மாநகராட்சி ஆக்கப்பட்டது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாயின. பத்து மன்றங்கள் இருந்த இடத்தில் 70 வார்டுகள் கொண்ட ஒரே மன்றம் வந்தது. இணைப்பினால் நன்மையா தீமையா என்பது தனிக் கட்டுரைக்கு உரிய பொருள். ஒன்று மட்டும் கூறலாம். முன்பு சிட்லபாக்கத்துக்காரர் தம் பேரூராட்சி அலுவலகத்துக்கு நடந்தே போய்ச் சண்டை போட்டார். இப்போது பெரிய முடிவுகளுக்கெல்லாம் அவர் தாம்பரத்தை நோக்க வேண்டியிருக்கிறது. எனவே இடையில் நிற்கும் வார்டு உறுப்பினரின் மதிப்பு கூடியிருக்கிறது.

அம்மதிப்பை நாம் எப்போது உணர்ந்தோம் என்றால், அப்படி ஒருவர் இல்லாதிருந்த காலத்தில்தான். 2011இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அம்மாதம் நடக்கவிருந்த தேர்தலைச் சென்னை உயர்நீதிமன்றம் ரத்துச் செய்தது. பின்னர் இட ஒதுக்கீடு, வார்டு வரையறை, வழக்கு, வாய்தா என்று காலம் ஓடி, 2022 பிப்ரவரியில்தான் நகர்ப்புறத் தேர்தல் நடைபெற்றது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நம் நகரங்களைத் தனி அலுவலர்களே ஆண்டனர். சென்னை மாநகராட்சியின் கதை இதனினும் பெரிது. 1688இல் தொடங்கிய அம்மாநகராட்சி இந்தியாவிலேயே பழமையானது. அதன் மன்றம் 1973இல் கலைக்கப்பட்டு, 1996 வரை 23 ஆண்டுகள் உறுப்பினர் எவருமின்றியே இருந்தது!

தனி அலுவலர் கெட்டவர் என்று நான் கூறவில்லை. திறமைசாலிகள் பலர் இருந்தனர். ஆனால் அவர் நம்மிடம் வாக்குக் கேட்டு வரவேண்டியவர் அல்லர். 2015 டிசம்பர் முதல் நாளில் தொடங்கிய மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பதிவாயிற்று. அடையாற்றுக் கரையெங்கும் மக்கள் மாடியில் ஏறி நின்றனர். அதற்குப் பின் எந்தத் தெருவில் வடிகால் வேண்டும், எந்த வாய்க்காலை யார் அடைத்தார் என்று மன்றத்தில் உரக்கக் கேட்க வேண்டிய ஆண்டுகளில் மன்றமே இல்லை. 2019 கோடையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தது. சிட்லபாக்கம் மக்கள் தாமே மண்வெட்டியும் கூடையும் எடுத்துக்கொண்டு வறண்ட ஏரியில் இறங்கித் துப்புரவு செய்தனர். அன்று அவ்வூரில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. மக்கள் மனுவை எழுதிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்தனர்.

இனி, நிற்க விரும்புபவருக்கு வேண்டிய தகுதிகளைப் பார்ப்போம். வயது 21. அந்த மாநகராட்சியின் ஏதேனும் ஒரு வார்டில் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். தம் சொந்த வார்டில்தான் நிற்கவேண்டும் என்பதில்லை. வேறு வார்டிலும் நிற்கலாம். ஆனால் அவரை முன்மொழிபவர், போட்டியிடும் வார்டின் வாக்காளராகவே இருத்தல் வேண்டும். விடுதியில் தங்கிப் படிக்கும் நண்பர்கள் இதைக் கவனிக்க: பெயர் ஊர்ப் பட்டியலில் இருந்தால் ஊரில்தான் நிற்கலாம், இங்கு முடியாது. மாநகராட்சியோடு ஒப்பந்தத் தொழில் செய்பவர் நிற்க இயலாது. குப்பை அள்ளும் ஒப்பந்தத்தைத் தாமே எடுத்து, அதற்கான தீர்மானத்துக்குத் தாமே கை தூக்கலாகாது என்பதே இதன் கருத்து. நியாயமான விதி. மைத்துனர் பெயரில் ஒப்பந்தம் எடுப்பவரை இவ்விதி எந்த அளவு தடுக்கிறது என்பது வேறு கேள்வி.

காப்புத் தொகை, அதாவது டெபாசிட், 2022இல் மாநகராட்சி வார்டுக்கு 4,000 ரூபாய், நகராட்சிக்கு 2,000, பேரூராட்சிக்கு 1,000. தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் இதில் பாதி. போதிய வாக்குகள் பெறாவிடின் அது திரும்பாது. இதோடு, சொத்து, கடன், படிப்பு, வழக்கு ஆகியவற்றைக் கூறும் உறுதிமொழிப் பத்திரம் ஒன்றும் தரவேண்டும்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய தடை இட ஒதுக்கீட்டுப் பட்டியலே. அதைத் தடை என்பதா, வாய்ப்பு என்பதா என்பது அவரவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு உரியவை. 2016இல் வந்த இச்சட்டம் நகர்ப்புறத்தில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது 2022இல்தான். பத்தாண்டுகளாக ஒரு வார்டைச் சுற்றிச் சுற்றி வேலை செய்த ஆடவர் பலர், பட்டியல் வெளியான அன்று தம் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதைக் கண்டு மனைவியின் பெயரில் மனுச் செய்தனர். சுவரொட்டியில் மனைவியின் படம் சிறிதாகவும் கணவரின் படம் பெரிதாகவும் இருந்த விந்தையை நாம் எல்லோரும் கண்டோம். இதைக் காட்டி ஒதுக்கீட்டையே பழிப்பவர் உண்டு. நான் அவர்களோடு உடன்படவில்லை. தாம்பரத்தின் மேயர் பதவி தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டதனால்தான், இம்மாநகராட்சியின் முதல் மேயராக 25 வயதுப் பெண்ணான வசந்தகுமாரி கமலக்கண்ணன் பொறுப்பேற்க முடிந்தது. ஒதுக்கீடு இல்லையென்றால் அந்த நாற்காலியில் அந்த வயதில் அவ்வகுப்புப் பெண் ஒருவர் அமர எத்தனை தலைமுறை ஆகியிருக்கும்? மேயரை மக்கள் நேராகத் தேர்ந்தெடுக்கவில்லை, உறுப்பினர்களே தேர்ந்தெடுத்தனர் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1996இலும் 2011இலும் மக்கள் நேராக வாக்களித்தனர். 2006இலும் 2022இலும் உறுப்பினர் வழியாக. ஆட்சி மாறும்போது இந்த முறையும் மாறுவது வழக்கமாகிவிட்டது.

இப்போது தேர்தல் நாட்காட்டிக்கு வருவோம். 2022 ஜனவரி 28 அன்று வேட்புமனுத் தாக்கல் தொடங்கிற்று. பிப்ரவரி 4 கடைசி நாள். 5ஆம் நாள் பரிசீலனை. 7ஆம் நாள் திரும்பப் பெறக் கடைசி நாள். 19ஆம் நாள் வாக்குப்பதிவு. 22ஆம் நாள் எண்ணிக்கை. இந்த நாட்களை விரல் விட்டு எண்ணிப் பார்த்தால் சுயேச்சை வேட்பாளரின் நிலை விளங்கும். கட்சி வேட்பாளரின் சின்னத்தை வாக்காளர் தம் பாட்டி காலத்திலிருந்து அறிவார். சுயேச்சைக்கோ 7ஆம் நாள் மாலைக்குப் பிறகுதான் தம் சின்னம் எதுவென்றே தெரியும். 17ஆம் நாள் மாலையோடு பிரசாரம் ஓய்ந்தது. ஆக, ஒரு சின்னத்தைச் சில ஆயிரம் பேர் மனத்தில் பதிய வைக்க அவருக்குக் கிடைத்தவை பத்தே நாட்கள்.

எங்கள் பகுதியில் சுயேச்சையாக நின்ற அக்கா ஒருவருக்காக அந்தப் பத்து நாளும் துண்டறிக்கை கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அப்போது நான் பள்ளி மாணவன், வாக்குரிமை இல்லாதவன். அந்த அக்கா தையல் வகுப்பு நடத்துபவர். மழைக்காலத்தில் எங்கள் தெருவில் நிற்கும் நீருக்காக மூன்றாண்டுகள் மனுக் கொடுத்துக் கொடுத்து, "இனி நானே நிற்கிறேன்" என்று புறப்பட்டவர். சின்னப் பட்டியலில் அவர் விரும்பியவை வேறு, கிடைத்தது வேறு. அச்சகத்தில் துண்டறிக்கை அச்சாகி வரவே இரண்டு நாள் போயிற்று. மீதி நாட்களில் காலை ஆறரை மணிக்குப் பால் வாங்க வருவோரிடமும், மாலையில் ரயிலை விட்டு இறங்கி வருவோரிடமும் சின்னத்தைக் காட்டிப் பேசினோம். தனி வீடுகளில் கதவு திறந்தது. முதியோர் உட்கார வைத்து மோர் கொடுத்தனர். கூடவே தம் பிள்ளைகள் அமெரிக்காவிலிருந்து பேசுவதில்லை என்னும் குறையையும் கூறினர். அடுக்குமாடிக் குடியிருப்புகளில்தான் சிக்கல். வாயிற்காவலர், "செகரட்டரி சொன்னால்தான் விடுவேன்" என்பார். செகரட்டரியோ தொலைபேசியை எடுக்க மாட்டார். அந்தக் காம்பவுண்டுகளுக்குள் நூற்றுக்கணக்கான வாக்குகள் இருந்தன. உள்ளே எங்களால் ஒரு தாளும் அனுப்ப முடியவில்லை.

அக்கா தோற்றார். ஆனால் தோற்ற கணக்கைப் பார்த்தபோது எனக்கு வியப்பே ஏற்பட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி இன்றைய தாம்பரம் மாநகராட்சிப் பகுதியில் வாழ்ந்தோர் ஏழு லட்சத்துக்கும் மேல். அதை 70 வார்டுக்குப் பங்கிட்டால் ஒரு வார்டுக்குச் சராசரி பத்தாயிரம் பேர். அவர்களுள் வாக்குரிமை உடையோர் எழுபது, எண்பது விழுக்காடு என்று கொள்வோம். 2022இல் மாநில அளவில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் வாக்களித்தனர். சென்னையிலோ 44 விழுக்காடுகூட இல்லை. தாம்பரமும் மாநிலச் சராசரிக்குக் கீழேதான். எனவே ஒரு வார்டில் வாக்களிக்க வருவோர் மூவாயிரத்து ஐந்நூறிலிருந்து நாலாயிரம். நான்கைந்து பேர் நின்றால் ஆயிரத்து ஐந்நூறு வாக்குப் பெற்றவர் வென்றுவிடலாம். இது என் தோராயக் கணக்குத்தான். வார்டுக்கு வார்டு மாறும். ஆனாலும் சட்டமன்றத் தொகுதியின் லட்சக்கணக்கான வாக்குகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நம் கல்லூரியில் பயில்வோர் தொகையைவிடச் சற்றே கூடுதலான மனிதர்களின் நம்பிக்கையைப் பெற்றால் போதும்! இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் முடிவாவதனால்தான் கடைசி இரவில் பணமும் இங்கே எளிதில் வேலை செய்கிறது என்பதையும் மறைப்பதற்கில்லை. செலவு வரம்பு மாநகராட்சி வார்டுக்கு 85,000 ரூபாய் என்று ஆணையம் விதித்தது, சென்னைக்கு 90,000. எழுதும் கணக்கு அந்த வரம்புக்குள்தான் இருக்கும். எழுதாத கணக்கைப் பற்றி எழுத எனக்குச் சான்று இல்லை.

நிற்பவர் வாக்குறுதி கொடுக்க வேண்டும் அல்லவா? இங்கேதான் பலர் வழுக்கி விழுகின்றனர். மாமன்றத்தின் அதிகாரம் எதுவரை என்று அறியாமலேயே, "ஏரியை மீட்பேன், மேம்பாலம் கட்டுவேன், மின்வெட்டை ஒழிப்பேன்" என்று முழங்குகின்றனர். ஊருக்குள்ளே ஒரு நடை போய்ப் பார்ப்போம். ஜி.எஸ்.டி. சாலை மாமன்றத்தின் கையில் இல்லை. தாம்பரம் - வேளச்சேரி சாலையும் மாநில நெடுஞ்சாலைத் துறையைச் சேர்ந்தது. அதில் குழி விழுந்தால் உறுப்பினர் கடிதம் எழுதலாம். தார் ஊற்ற முடியாது. செம்பாக்கம், சிட்லபாக்கம், பீர்க்கன்காரணை ஏரிகளின் கரையும் மதகும் நீர்வளத் துறைக்கு உரியவை. ஏரியில் வந்து விழும் கழிவுநீர் மட்டும் நம் மாநகராட்சியின் தெருக்களிலிருந்து போகிறது. நோய் ஒருவரிடம், மருந்து வேறொருவரிடம்! தண்டவாளத்தை ஒட்டிய நிலம் ரயில்வேக்கு, சேலையூர்ப் பக்கம் விமானப்படை, சானடோரியம் மருத்துவமனை மாநில அரசுக்கு, மின்கம்பி மின்வாரியத்துக்கு. பரங்கிமலை - பல்லாவரம் கன்டோன்மென்ட் பகுதியோ மத்திய பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வரும் தனி வாரியம். முடிச்சூர் 2022இல் ஊராட்சியாகவே இருந்தது. மழைநீருக்கு மட்டும் இந்த எல்லைகள் தெரியாது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு அது தன்பாட்டில் போய்க்கொண்டிருக்கும்.

அப்படியானால் உறுப்பினருக்கு மிஞ்சியது என்ன? நிறையவே இருக்கிறது. தெரு விளக்கு, உள்தெருச் சாலை, மழைநீர் வடிகால், குப்பை, குடிநீர்க் குழாய், பூங்கா, சந்தை, சுடுகாடு, கொசு மருந்து, சொத்துவரி ஆகியவை மாநகராட்சியின் நேர்ப் பொறுப்பு. காலை எழுந்தது முதல் நாம் வாய்விட்டுத் திட்டுபவற்றில் பெரும்பகுதி இவைதாமே! பிற துறைகளின் பொருளில்கூட, மாமன்றத்தில் தீர்மானம் போட்டு அனுப்புவதற்கும், தனி மனிதர் மனு எழுதுவதற்கும் வேறுபாடு உண்டு. தீர்மானம் கோப்பில் ஏறும். கோப்புக்கு எண் உண்டு. எண்ணைச் சொல்லிக் கேட்கலாம்.

ஆயினும் மன்றத்தின் கை எவ்வளவு குட்டை என்பதற்கு ஒரு சான்று காட்டுகிறேன். 2022 மார்ச் 2 அன்று உறுப்பினர்கள் பதவியேற்றனர். ஏப்ரல் பிறந்ததும் மாநில அரசு சொத்துவரி உயர்வை அறிவித்தது; வீட்டின் பரப்பையும் ஊரையும் பொறுத்து 25 விழுக்காடு முதல் 150 விழுக்காடு வரை. அதை ஏற்றுத் தீர்மானம் இயற்ற வேண்டிய பொறுப்பு மாமன்றங்களைச் சேர்ந்தது. முடிவு கோட்டையில், கையொப்பம் மாமன்றத்தில், வசை வார்டு உறுப்பினருக்கு. ஆணையர் அரசு நியமிக்கும் அதிகாரி; பணிகளை நடத்துபவர் அவரே. 1992இல் நிறைவேறி 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது திருத்தம் உள்ளாட்சிக்கு உயிர் கொடுத்தது என்று நாம் தேர்வில் எழுதுகிறோம். உயிர் கொடுத்தது உண்மை. கைகால்களைக் கொடுப்பதை மாநிலங்களிடம் விட்டுவிட்டது. தமிழ்நாட்டின் நகராட்சிகள் 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியே நூறாண்டுக்கு மேல் நடந்தன. 1998இல் இயற்றப்பட்ட நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் நிலையாக நடைமுறைக்கு வந்தது 2023இல்தான் என்றால், நம் வேகத்தை என்னென்பது!

ஊதியம் என்று ஒன்றும் இல்லாமலேதான் உறுப்பினர்கள் நெடுங்காலம் இருந்தனர். கூட்டத்துக்கு வந்தால் சிறு படி கிடைக்கும். 2023 முதல் மாநகராட்சி உறுப்பினருக்கு மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம் அறிவிக்கப்பட்டது. இது நல்ல தொடக்கம் என்பேன். ஏனெனில் சம்பளமே இல்லாத வேலைக்கு வசதி உள்ளவர் வருவார், அல்லது அதிலேயே வசதி தேடிக்கொள்பவர் வருவார். தையல் வகுப்பு நடத்துபவரும் பட்டம் முடித்து வேலை தேடுபவரும் வரவேண்டுமானால் பேருந்துச் செலவேனும் கிடைக்க வேண்டும்.

நிற்பதற்கு முன் பழகிக்கொள்ள ஓர் இடமும் வந்திருக்கிறது. ஒவ்வொரு வார்டையும் சில பகுதிகளாகப் பிரித்து, வாக்காளர்கள் கூடிப் பேசும் பகுதி சபை என்பதை அமைத்தனர். ஊராட்சியில் கிராமசபை போன்றது இது. 2022 நவம்பர் 1 அன்று உள்ளாட்சி நாளில் நடந்த அத்தகைய கூட்டம் ஒன்றில் அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கலந்துகொண்டது நம் பம்மலில்தான். அவர் வந்த கூட்டத்திற்குக் கூட்டம் இருந்தது. அதன்பின் எங்கள் பகுதியில் நடந்த கூட்டத்துக்கு நான் போனபோது போட்டிருந்த நாற்காலிகளில் பாதி காலி. வந்தவர்களும் ஓய்வு பெற்றவர்களே. இளைஞன் நான் ஒருவன்தான். நாய்த் தொல்லை, கால்வாய் அடைப்பு, விளக்கு எரியாத சந்து என்று ஒவ்வொருவராகக் கூறினர். இளநிலைப் பொறியாளர் குறித்துக்கொண்டார். ஒரு மாதத்தில் சந்தில் விளக்கு எரிந்தது. கால்வாய் இன்னும் அடைத்தே கிடக்கிறது. நண்பர்களே, எந்தக் குறை எவருடைய கையில் இருக்கிறது என்பதை நான் எந்தப் பாடநூலிலும் கற்கவில்லை. அந்தக் காலி நாற்காலிகளுக்கு நடுவே கற்றேன்.

உள்ளாட்சி என்றதும் உத்திரமேரூரைக் கூறாமல் நம் மலரில் கட்டுரை முடிவதில்லை. நானும் கூறுகிறேன், ஆனால் ஒரு குறிப்புக்காக மட்டும். முதலாம் பராந்தகன் காலத்து அக்கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை வழியே உறுப்பினரைத் தேர்ந்த முறையை விரிக்கின்றன. கால்வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் 35 வயதும் வேதப் பயிற்சியும் வேண்டும் என்பதனால், நம்மில் எவரும் அக்குடத்தருகே போயிருக்க முடியாது. ஆகவே அதைக் குடியாட்சி என்று கொண்டாடும்போது சற்று நிதானம் வேண்டும். என்னைக் கவர்ந்தது வேறொரு விதி. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் பிறகு குடவோலையில் இடம்பெறலாகாது என்பது அது.

இன்றைய சட்டத்திலும் அதன் நிழல் உண்டு. வென்றவராயினும் தோற்றவராயினும், முடிவு வெளியான 30 நாளுக்குள் தேர்தல் செலவுக் கணக்கைக் கொடுத்துவிட வேண்டும். கொடாதவர் மூன்றாண்டுகள் போட்டியிடத் தகுதி இழப்பர். தோற்றவர்களில் பலர் வெறுப்பில் இதை மறந்துவிடுகின்றனர். எங்கள் அக்கா மறக்கவில்லை. அச்சகத்துச் சீட்டு, ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிய வாடகை, எங்களுக்கு வாங்கிக் கொடுத்த தேநீர், வடை எல்லாவற்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி, கூட்டிச் சரிபார்க்கும் வேலையை என்னிடம் கொடுத்தார். கணக்கைக் கொண்டுபோய்க் கொடுத்து ஒப்புதல் சீட்டும் வாங்கி வந்தோம். அச்சீட்டு அவர் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. எங்கள் வார்டின் ஒதுக்கீடு எப்படி மாறினாலும், அவர் மீண்டும் மனுச் செய்யக் கணக்கு ஒரு தடையாக இராது.